வேகநடையின் பாரம் எங்கே விழுகிறது?

2023 நவம்பரில் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில், முல்லைத்தீவு முள்ளியவளையைச் சேர்ந்த 72 வயது அகிலத்திருநாயகி 5,000 மீற்றர் வேகநடையிலும் 1,500 மீற்றர் ஓட்டத்திலும் தங்கம் வென்றார். 800 மீற்றரில் வெண்கலம். அப்போது பெரிதாகப் பேசப்பட்டது அவருடைய வயது. ஆனால், அந்தத் தங்கங்களில் ஒன்று வேகநடையில் கிடைத்தது என்பது அதைவிடப் பெரிய செய்தி. வேகநடையில், முன்கால் நிலத்தில் பட்ட கணத்திலிருந்து உடல் அதற்கு நேர்மேலே வரும்வரை முழங்கால் மடியக் கூடாது. இரண்டு கால்களும் ஒருசேர நிலத்தைவிட்டு எழுந்ததாக நடுவரின் கண்ணுக்குத் தெரியவும் கூடாது. இந்த இரண்டு விதிகளும் சேர்ந்தால், வீரருக்கு அடியை நீட்டிக்க மிஞ்சுவது இடுப்பைத் திருப்பும் வழிதான். ஓர் அடி 80 சென்ரிமீற்றர் என்று வைத்தாலும் 5,000 மீற்றருக்கு 6,250 தடவை இடுப்பு இப்படித் திரும்ப வேண்டும். எனவே வேகநடைக்காரர் “இடுப்பு நோகுது” என்றால், தொடைமூட்டு தேய்ந்துவிட்டது, வயது போய்விட்டது என்று முடிவுகட்டும் முன் இடுப்பின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்பதே இந்த அலசலின் வாதம்.

முள்ளந்தண்டின் அடியில் இருக்கும் திருவென்பு, இரண்டு இடுப்பென்புகளுக்கும் நடுவே ஆப்புப் போல இறங்கியிருக்கிறது. நாரிக்குக் கீழே இருபுறமும் சிறு குழி தெரிகிற இடத்தை ஒட்டி, இந்த என்புகள் சேரும் பின்மூட்டுகள் உள்ளன. இவை அசைவது சில பாகைகள்தான். பெரும்பாலானோருக்கு நான்கைத் தாண்டாது. இவ்வளவு கொஞ்சமாக அசையும் மூட்டு நடையைக் கெடுக்குமா என்பது நியாயமான கேள்வி. அந்த மூட்டின் வேலை அசைவதல்ல, பாரத்தைக் கடத்துவது. தலை, கை, உடம்பு எல்லாவற்றின் எடையும் காலுக்கு இறங்குவதும், நிலத்தின் எதிர்விசை மேலே ஏறுவதும் இதன் ஊடாகத்தான். சாதாரண நடையிலேயே, ஒற்றைக் காலில் நிற்கும் கணத்தில் தொடைமூட்டின் மேல் உடல் எடையின் ஏறத்தாழ இரண்டரை மடங்கு விசை விழுகிறது. அந்த நேரத்தில் பின்மூட்டு இறுக்கமாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். என்புகளின் வடிவமும் அவற்றை இணைக்கும் நார்களும் பாதிப் பூட்டு. மீதியைத் தருபவை தசைகள்: ஒரு பக்கத்துப் புட்டத்தின் பெருந்தசையும் மறுபக்கத்து முதுகுத்தசையும் குறுக்காக இழுத்து மூட்டை அழுத்திப் பிடிக்கின்றன. நடையில் எதிர்க்கையை வீசுவது அழகுக்காக அல்ல என்பதைப் பயிற்றுநர்கள் கவனிக்க வேண்டும்.

அந்தத் தசைப்பூட்டு பிந்தினால் என்ன நடக்கும்? ஹங்கர்ஃபோர்டும் சகாக்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், இந்த மூட்டில் நோவுள்ளவர்கள் ஒற்றைக் காலுக்கு மாறும்போது புட்டத்தின் பெருந்தசை பிந்தி இயங்கியது. தொடையின் பின்தசையோ முந்தி இயங்கியது. ஒரு தசையின் வேலையை இன்னொன்று சுமக்கிறது என்றுதான் இதை வாசிக்க முடியும். வெளியே தெரியும் நடையும் அதற்கேற்ப மாறுகிறது. நோகும் பக்கத்தில் நிற்கும் நேரம் குறைகிறது, அடி குட்டையாகிறது, உடம்பு அந்தப் பக்கம் சாய்கிறது அல்லது மறுபக்க இடுப்பு அளவுக்கு மீறி இறங்குகிறது. பிறகு தொடையெலும்பின் வெளிப்புற மேட்டில் ஒட்டும் தசைநாண்களும் நோகத் தொடங்கலாம். இந்த நிலையில் வீரர் கைவைத்துக் காட்டுவது தொடையின் பக்கத்தை. தொல்லையின் தொடக்கமோ பின்னால் இருக்கலாம். உண்மையான தொடைமூட்டு நோ பெரும்பாலும் கவட்டின் முன்பக்கம் தெரியும். பின்மூட்டு நோவை ஒரு விரலால் அந்தக் குழியடியில் தொட்டுக் காட்டுவார்கள். இந்த வேறுபாடு தெரிந்தால் மைதானத்திலேயே பாதி வழி தெளிந்துவிடும்.

எதிர்வாதம் உண்டு. நாட்பட்ட நாரி நோவில் இந்த மூட்டின் பங்கு 15 முதல் 30 வீதம் வரைதான் என்று கணிக்கப்படுகிறது. ஆகவே எல்லா நோவையும் இதன் தலையில் கட்டுவதும் பிழை. உண்மை. ஒரு சோதனையை மட்டும் நம்பவும் முடியாது. மூட்டை வெவ்வேறு விதமாக அழுத்தும் சோதனைகளில் குறைந்தது மூன்று நோவைக் கிளப்பினால்தான் இயன்மருத்துவர் சந்தேகத்தை உறுதியாக்குகிறார். இன்னொரு வாதத்தை ஏற்க முடியாது: “எலும்பு விலகிட்டுது, தட்டி ஏற்றினால் சரி.” 1998இல் துல்பேர்க் குழுவினர், கையால் இழுத்துத் தட்டும் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் மூட்டின் நிலையை நுட்பமான கதிர்ப்படங்களால் அளந்தார்கள். நிலை மாறவில்லை. சிலருக்கு நோ குறையலாம். ஆனால் இடம் மாறாத எலும்பை ஏற்றுகிறோம் என்று சொல்லி ஒரு வீரரைத் திரும்பத் திரும்ப இழுப்பது, தேவையான தசைப்பயிற்சியைத் தள்ளிப்போடுகிறது. முழு ஓய்வும் அதே தவறுதான். பூட்டுத் தசைகள் படுக்கையில் பலப்படாது. பாரத்தைக் குறைத்து, அடியைக் குறுக்கி, ஒற்றைக்கால் நிலைப்பையும் புட்டத் தசைகளையும் படிப்படியாக வளர்த்து மீண்டும் தூரத்தைக் கூட்டுவதே வழி.

இது பதக்கக்காரர்களின் கவலை மட்டும் என்று ஒதுக்க வன்னிக்கு உரிமையில்லை. போரில் காலிழந்து செயற்கைக் காலில் நடப்பவர்கள் இங்கே நம்மோடு வாழ்கிறார்கள். காலிழந்தோருக்கு நாரி நோ மற்றவர்களைவிடக் கூடுதல் என்பதை ஆய்வுகள் பல காலமாகச் சொல்லிவருகின்றன. இரு பக்கமும் சமமில்லாத நடையில் இடுப்புவளையம் சமமின்றிப் பாரம் வாங்குவது அதற்கான காரணங்களில் ஒன்று. கர்ப்பகாலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பெண்ணுக்கு இடுப்புவளைய நோ வருகிறது. சிலருக்குப் பேறுக்குப் பின்னும் தொடர்கிறது. விளையாட்டுக்குத் திரும்பும் தாய்மாருக்கு முதல் நாளிலேயே பழைய தூரத்தைக் கொடுப்பது அநியாயம். இளைஞர்களில் வேறொரு எச்சரிக்கையும் வேண்டும். காலையில் அரை மணிக்கு மேல் விறைப்பு, இரவில் விழிக்கவைக்கும் நோ, அசைந்தால் குறைந்து ஓய்வில் கூடும் தன்மை ஆகியவை இருந்தால் அது பயிற்சிக் காயமாக இல்லாமல் முள்ளந்தண்டு அழற்சியாக இருக்கலாம். அந்த வீரர் தைலத்தோடு நிற்காமல் கிளிநொச்சி, வவுனியா, மாஞ்சோலை என எது கிட்டவோ அந்த வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மற்றவர்களுக்கு, பயிற்றுநர் தம் கைபேசியில் வீரர் நடப்பதைப் பின்னாலிருந்து படம்பிடித்து, நோகும் பக்கத்தில் நிற்கும் நேரத்தையும் இடுப்பு இறங்கும் அளவையும் மறுபக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, அந்தப் படத்தை இயன்மருத்துவரிடம் காட்டினால் போதும்.