இலையைப் பார்த்தோம், அடிமரத்தை விட்டோம்

பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கத் தஞ்சாவூர் போனாலும் திருச்சி போனாலும், கடைசி ஆண்டில் ப்ராஜெக்ட் தலைப்பு தேடும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். மூன்று நான்கு பேர் கேன்டீனில் கூடுவார்கள். முகம் பார்த்து வருகைப்பதிவு, ரத்த வங்கி, இலைநோய் கண்டறிதல் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். முதல் ரிவியூ நெருங்கும்போது ப்ராஜெக்டுகளை விலைக்குத் தரும் சென்டர் ஒன்றின் பட்டியலிலிருந்து, பின்பற்றிச் செய்வதற்கான அச்சான கட்டுரை, அதாவது ‘பேஸ் பேப்பர்’ ஒன்று கைக்கு வரும். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

இந்த வழக்கத்தில் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கப் போகும் பிள்ளைக்கு ஆராய்ச்சி என்றால் என்ன என்று சொல்லித்தர வீட்டில் ஆள் கிடையாது. அச்சான கட்டுரை ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிலுள்ளதைத் திரும்பச் செய்து பார்ப்பதும் ஒரு படிப்புதான். செமஸ்டர் கெடு தவறாமல் ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவுவரை செய்து பழகவும் அது உதவுகிறது.

கோளாறு எங்கே என்பதற்கு இலைநோய் ப்ராஜெக்டே போதும். இதற்குப் பெரும்பாலும் எடுத்தாளப்படுவது ‘பிளான்ட்வில்லேஜ்’ படத்தொகுப்பு. ஐம்பத்து நான்காயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள், 14 பயிர்கள். ஆப்பிள், திராட்சை, தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம் உண்டு. நெல்லும் தென்னையும் இல்லை. 2016-இல் வெளிவந்த ஆய்வில் இத்தொகுப்பைக் கொண்டு பயிற்றுவித்த கணினி மாதிரி 99.35 சதவீதம் சரியாகச் சொன்னது. வேறு சூழலில் எடுத்த படங்களைக் காட்டியபோது அந்தத் துல்லியம் ஏறத்தாழ 31 சதவீதமாகச் சரிந்தது. ஆய்வாளர்கள் இரண்டு எண்களையும் மறைக்காமல் எழுதினார்கள். நம் ரிப்போர்ட்டுகளில் ஏறுவது முதல் எண் மட்டும்தான்.

இங்கே தென்னந்தோப்புகளை வாட்டும் தஞ்சாவூர் வாடல் நோய் வேரிலும் அடித்தண்டிலும் வேலை செய்யும் பூஞ்சையால் வருவது. அடிமரத்தில் செம்பழுப்புச் சாறு வடியும். பட்டுக்கோட்டைக்குப் பக்கத்திலுள்ள வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையம் இந்நோயை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறது. அங்கே ஒரு நாள் போய்வந்த மாணவர் கேமராவை இலைக்கு முன் மட்டும் நீட்டியிருக்க மாட்டார். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த மரங்களை எண்ணிப் பார்த்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தென்னையைப் பற்றிக் கேட்கக் கேள்விகளுக்கா பஞ்சம்?

கூடிப் பேசும் முறையிலும் ஒரு குறை உண்டு. ‘பிரெய்ன்ஸ்டார்மிங்’ என்பதைப் பரப்பியவர் அலெக்ஸ் ஆஸ்போர்ன் என்ற அமெரிக்க விளம்பரத் துறைக்காரர். 1958-இல் வெளிவந்த யேல் பல்கலைக்கழக ஆய்வில் அதைச் சோதித்தார்கள். நால்வர் கூடிப் பேசிச் சொன்னதைவிட, தனித்தனியே யோசித்த நால்வரின் பட்டியல்களைச் சேர்த்தபோது யோசனைகள் அதிகமாக இருந்தன. கூட்டத்தில் முதலில் குரல் உயர்த்துபவர் சொல்வதே தலைப்பாகிவிடுவதை நம் வகுப்பறைகளிலும் பார்க்கிறோம்.

ஊர்ச் சிக்கலை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. மரநோயைத் தொடர்ந்து கவனிக்க மாதக்கணக்கில் ஆகும். செமஸ்டர் அவ்வளவு நாள் பொறுக்காது. தரவு கொஞ்சமாகத்தான் கிடைக்கும். ‘புதுமை எங்கே?’ என்று வழிகாட்டும் ஆசிரியர் கேட்கலாம். ஆப்பிள் இலைப் படத்தை வைத்துக்கொண்டு ‘டெல்டா விவசாயிகளுக்காக’ என்று தலைப்பில் மட்டும் ஊரை ஒட்டவைக்கும் ஆபத்தும் இருக்கிறது.

அதனால் சிக்கலின் அளவு சிறிதாக இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக நெல்லையே பார்ப்போம். சம்பா அறுவடை பெரும்பாலும் தையிலும் மாசியிலும்; எட்டாம் செமஸ்டரும் அதே மாதங்களில்தான். அரசு கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதத்துக்கு வழக்கமான வரம்பு 17 சதவீதம். மழை ஆண்டுகளில் தளர்வு கேட்டு டெல்டா முழுக்கக் குரல் எழும். களத்தில் காயும் நெல்லின் ஈரம் எத்தனை மணி நேர வெயிலில் எவ்வளவு இறங்குகிறது என்று ஈரப்பதமானி வைத்து மூன்று வாரம் அளந்து, அதிலிருந்து காயும் நேரத்தைக் கணிக்கும் ஓர் எளிய செயலியைச் செய்யலாம். சின்ன வேலைதான். ஆனால் ஒவ்வொரு எண்ணும் அந்த மாணவர் தம் கையால் எடுத்த எண்.

இப்படியொரு ப்ராஜெக்ட் மட்டுமே வேலை வாங்கித் தராது என்பதையும் சொல்லியாக வேண்டும். பெரிய நிறுவனங்களின் முதல் சுற்றுகளில் திறனறி தேர்வும் நிரல் எழுதும் தேர்வும்தான் ஆளைச் சலிக்கின்றன. அதற்குத் தினப்பயிற்சி தனியாக வேண்டும். ப்ராஜெக்ட் துணைக்கு வருவது நேர்முகத்தில். ‘ஏன் இந்த முறை? எங்கே தவறியது?’ என்று கேட்டால், ப்ராஜெக்டை விலைக்கு வாங்கியவரிடம் மனப்பாடம்தான் இருக்கும். அளந்தவருக்கோ மேகம் மூடிய நாளில் கணக்கு பிசகியதும், அதை எப்படிச் சரிசெய்தார் என்பதும் நினைவில் இருக்கும்.

ஆகவே கூட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கூட்டத்துக்கு முன் ஒரு வாரம் வேண்டும் என்கிறேன். ஒவ்வொருவரும் ஒரு தோப்புக்கோ களத்துக்கோ போய்வந்து, தனியாக ஐந்து கேள்விகள் எழுதிக்கொண்டு வரட்டும். பிறகு கூடிப் பேசட்டும். பேஸ் பேப்பரை அதற்கு அப்புறம் தேடலாம். வைவாவில் ஆசிரியர்களும் ஒரு கேள்வியைக் கட்டாயமாக்கட்டும்: ‘இந்தத் தரவை யார், எங்கே, எப்போது எடுத்தார்கள்?’ அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தாலே பட்டியல் பார்த்துத் தலைப்பு எடுக்கும் பழக்கம் பாதி குறைந்துவிடும்.