தேர்வெழுதியவனே திருத்தலாமா?

ஆட்சி எவருடையதாயினும் ஆண்டுதோறும் ஒரு காட்சி தவறாமல் நடைபெறுகிறது. வழவழப்பான தாளில், வண்ணப் படங்களோடு, சாதனை ஏடு வெளிவருகிறது. இத்தனை கோடி ஒதுக்கினோம், இத்தனை கோடி செலவிட்டோம், இத்தனை கட்டடம் எழுப்பினோம், இத்தனை கல் தொலைவு சாலை போட்டோம் என்று பட்டியல் நீள்கிறது. படிப்போர் வியக்க வேண்டுமென்பது ஏட்டின் நோக்கம். நாம் வியக்கவில்லை, வினவுகிறோம். செலவிட்டீர்கள், சரி, விளைந்தது என்ன? விளைவை அளந்தவர் யார்? அளந்தவர் யாருக்குக் கட்டுப்பட்டவர்?

தேர்வெழுதிய மாணவனே தன் தாளைத் திருத்தி, தானே மதிப்பெண் இட்டுக்கொண்டு, முதல் வகுப்பில் தேறிவிட்டேன் என்று முரசறைந்தால் ஊர் நகைக்கும். அரசு அதைச் செய்யும்போது மட்டும் கைதட்டுகிறோமே, ஏன்?

வள்ளுவர் முடியாட்சிக் காலத்தவர். அவரே ஒற்றாடல் அதிகாரத்தில், ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை அப்படியே ஏற்றுவிடாதே, வேறோர் ஒற்றனைக் கொண்டு சரிபார், ஒருவனை மற்றவன் அறியாதபடி வைத்துக்கொள் என மன்னனுக்கு அறிவுரை கூறியுள்ளார். முடிமன்னனுக்கே இது தேவையென்றால், குடிமக்கள் பணத்தை எடுத்துச் செலவிடும் குடியாட்சிக்கு எத்துணைத் தேவை!

இந்த அறிவு அரசுக்கு என்றுமே இருந்ததில்லை என்று நாம் கூறமாட்டோம். 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் 55 வட்டாரங்களில் தொடங்கப்பட்டது. நம் கொங்கு மண்ணின் கீழ்பவானிப் பகுதியும் அவற்றுள் ஒன்று. அதே மாதத்தில், திட்டக்குழுவின் கீழ், திட்ட மதிப்பீட்டு அமைப்பு என்றொரு தனி அமைப்பும் நிறுவப்பட்டது. பொருளியல் அறிஞர் டி. ஜி. கார்வே அதன் முதல் இயக்குநர். திட்டம் பிறந்தபோதே அதை எடைபோடும் துலாக்கோலும் உடன்பிறந்தது. உலகில் பல நாடுகள் இதைக் கருதியும் பார்க்காத காலம் அது!

அத்துலாக்கோல் தொடக்கத்தில் மெய்யே பேசிற்று. கட்டடங்கள் எழுந்தன; ஆனால் மக்கள் மனத்தில் இது நம் வேலை என்னும் எண்ணம் எழவில்லை; நிலமும் வசதியும் உடையோரிடமே நலன்கள் பெரிதும் போய்ச் சேர்ந்தன என்று அதன் அறிக்கைகள் எழுதின. 1957இல் பல்வந்தராய் மேத்தா குழுவும், மக்களின் முனைப்பைத் தூண்டத் திட்டம் தவறியது என்றே கண்டது. ஊராட்சிகளுக்கு அதிகாரம் வேண்டும் என்ற பரிந்துரை அதிலிருந்துதான் பிறந்தது. கசப்பான மதிப்பீடு நாட்டுக்கு மருந்தாயிற்று.

பின்னர் நடந்தது என்ன? திட்டங்கள் பெருகின, துலாக்கோல் துருப்பிடித்தது. 2005இல், செலவை மட்டுமின்றி விளைவையும் காட்டுவோம் என்று நடுவண் அரசு விளைவு வரவு செலவுத் திட்டம் என ஒன்றை நாடாளுமன்றத்தில் வைத்தது. பெயர் புதிது; ஆனால் அதை எழுதியவை அந்தந்தத் துறைகளே. 2014இல் தனித்தியங்கும் மதிப்பீட்டு அலுவலகம் ஒன்று செயல்படத் தொடங்கியது. திட்டக்குழுவையே கலைத்து வேறு அமைப்பு காணலாம் என்று சொல்லுமளவுக்கு அதற்குத் துணிவு இருந்தது. திட்டக்குழு கலைந்தது, அதே ஆண்டு செப்டம்பரில், அப்படிச் சொன்ன அலுவலகத்தின் கதையும் முடிக்கப்பட்டது. 2015இல் பழைய அமைப்பையும் இதையும் ஒன்றாக்கி, நிதி ஆயோக்கின் கீழ் வளர்ச்சிக் கண்காணிப்பு, மதிப்பீட்டு அலுவலகம் அமைத்தனர். அரசுக்கு வழிகாட்டும் அமைப்பும், அவ்வழி சரியா என்று பார்க்கும் அலுவலகமும் ஒரே கூரையின் கீழ்! நீதிபதியின் நாற்காலியை வாதியின் வீட்டுத் திண்ணையில் போட்டால் தீர்ப்பு எப்படியிருக்கும்?

கணக்குத் தணிக்கை இருக்கிறதே என்பர். இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 148 முதல் 151 வரையிலான பிரிவுகள் தலைமைக் கணக்குத் தணிக்கையருக்குக் காப்பு அளிக்கின்றன. ஆள்வோர் நினைத்தபடி அவரை நீக்கவியலாது. ஆனால் அவர் அறிக்கை, செலவு நடந்து ஆண்டுகள் சில உருண்டோடிய பின், பல நேரங்களில் சட்டமன்றக் கூட்டத்தின் இறுதி நாளில் மேசைமீது வைக்கப்படுகிறது. நோயாளி போன பிறகு வரும் மருந்துச் சீட்டு!

நம் வீட்டு முற்றத்துக்கே வருவோம். அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் அறுபது ஆண்டுக் கோரிக்கை. 2019இல் அடிக்கல் நாட்டி, 2024 ஆகஸ்ட் 17இல் தொடங்கிவைக்கப்பட்டது. செலவு ஏறத்தாழ 1,916 கோடி ரூபாய். காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியாற்றின் உபரி நீர் 1.5 டி.எம்.சி.யை ஏற்றி, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளங்களுக்குக் கொண்டுசெல்வது நோக்கம். பயன்பெறும் நிலம் 24,468 ஏக்கர் என்றனர். சரவணம்பட்டியிலிருந்து சத்தியமங்கலம் சாலையில் வடக்கே போனால் வரும் அன்னூர் வட்டாரம் இந்நீருக்காக ஏங்கிக் கிடந்த பூமி. திட்டத்தை நாம் வரவேற்கிறோம். ஆனால் குழாயின் நீளமும் குளத்தின் எண்ணிக்கையும் வெற்றிக்கு அளவாகா. எந்தக் குளம் எத்தனை மாதம் நீரோடு இருந்தது? பக்கத்துக் கிணற்றில் எத்தனை அடி ஏறியது? ஏறியது பெருநிலக்காரர் கிணற்றிலா, இரண்டு ஏக்கர் குடியானவர் கிணற்றிலா? ஆற்றில் உபரி இல்லாத ஆண்டில் நிலை என்ன? தலைமதகில் நின்று கணக்கெழுதலாம். மெய்யைக் கடைமடையில்தான் காணலாம். இது கொங்குக் குடியானவர் எவருக்கும் தெரிந்த பொருளியல்.

சரவணம்பட்டிக்கும் ஒரு வினா உண்டு. பேரூராட்சியாயிருந்த இவ்வூர் 2011இல் கோவை மாநகராட்சியோடு இணைந்தது. கணினி நிறுவனங்களின் மாடங்கள் எழுந்தன; அவை வளர்ச்சியின் சான்றாகக் காட்டப்படுகின்றன. மாடத்தை எண்ணுவது எளிது. அம்மாடத்தைத் துப்புரவு செய்யும் பெண்ணின் தெருவுக்குச் சாக்கடை வந்ததா என்று பார்ப்பதல்லவா மதிப்பீடு? 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, வேலைக் கணக்கைத் தணிக்கை செய்யும் உரிமையைக் கிராம சபைக்கு அளித்தது. நகர்ப்புறத்தாருக்கு அத்தகைய மன்றம் இல்லை. 2022இல் தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைகள் கூடத் தொடங்கின. அங்கே விண்ணப்பம் கொடுத்துத் திரும்புவதோடு நில்லாமல், செலவுக் கணக்கைக் கேட்டால்தான் அது மன்றம். இல்லையேல் மனு வாங்கும் இடம்.

குறை காண்பது நல்ல திட்டங்களையும் கொன்றுவிடாதா என்று அஞ்சுவோருக்கு ஒரு சான்று. 1920இல் நீதிக்கட்சியினர் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய உணவுத் திட்டத்தின் வழிவந்தது சத்துணவு. 1982இல் அது விரிவாக்கப்பட்டபோது வீண் செலவு என்று ஏளனம் பேசியோர் பலர். 2021இல் வெளியான ஓர் ஆய்வு, நாடெங்கும் பள்ளியில் மதிய உணவு உண்ட சிறுமியர் வளர்ந்து தாயானபோது, அவர்தம் பிள்ளைகளிடையே வளர்ச்சிக் குறைவு தணிந்திருந்ததைக் காட்டியது. ஆய்ந்தவர்கள் திட்டத்தை நடத்திய துறையினர் அல்லர். ஆகவே ஏளனம் வாயடைத்தது. நேர்மையான அளவு நல்ல திட்டத்துக்குக் கேடயம். பொய்த் திட்டத்துக்கு மட்டுமே அது வாள்.

எனவே நாம் கேட்பவை மூன்று. திட்டம் தொடங்குமுன் இருந்த நிலையை அளந்து பதிவு செய்க. முன்னளவு இல்லாமல் முன்னேற்றம் பேசுவது ஏட்டுச் சுரைக்காய். அளப்போரைத் திட்டம் நடத்தும் துறைக்குக் கட்டுப்படாதோராக அமைத்து, சட்டத்தால் காத்திடுக. அளந்ததை ஊர்வாரியாக, தெருவார் படித்தறியும் தமிழில், உடனே வெளியிடுக.

பகுத்தறிவு பேசும் இளைஞர்களே! புராணத்தைப் பார்த்து, சான்று எங்கே என்று கேட்கக் கற்றோம். அரசின் சாதனை ஏட்டைப் பார்த்தும் அதே வினாவைக் கேட்போம். மாற்றார் ஆட்சியில் மட்டும் கேட்டுவிட்டு, நாம் வாக்களித்தவர் ஆட்சியில் வாய்மூடினால் அது பகுத்தறிவன்று, பக்தி. அப்பக்தியின் விலையைக் கொடுப்பவர் கடைமடையில் காத்திருக்கும் குடியானவர்.