சோறு தின்றால் போதுமா?

கிழட்டு நாய் இருக்கும் வீட்டில் அக்கம்பக்கத்தார் முதலில் கேட்பது, "சோறு திங்குதா?" என்றுதான். வேலூரிலும் ஆம்பூரிலும் நாயின் உயிர் இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. தின்றால் பிழைக்கும், தட்டைத் திரும்பிப் பார்க்காவிட்டால் நாள் எண்ண வேண்டியதுதான். தலைமுறைகளின் அனுபவத்தில் விளைந்த இந்த அளவுகோலை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் இடுப்பு மூட்டு தேய்ந்து, எழும்போதெல்லாம் முனகும் லாப்ரடாரும் தட்டை வழித்து நக்கிவிடும். அங்கே இந்தக் கேள்வி நம்மை ஏமாற்றிவிடுகிறது.

இதைவிட விரிவான அளவுகோலை 2004-ல் வகுத்தவர் ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் மிகுதியா என்பது ஆகிய ஏழுக்கும் தலா 10 மதிப்பெண் வரை; நிலை நன்றாக இருந்தால் மதிப்பெண் கூடும். மொத்தம் 70-ல் 35-ஐத் தாண்டினால் வாழ்க்கை ஏற்கத்தக்கது, பராமரிப்பைத் தொடரலாம். மரணத்தைப் பற்றிப் பேச வாயெழாத குடும்பத்துக்குப் பேச ஒரு வழி கொடுத்ததே இதன் பெரிய சாதனை. படுக்கைப் புண்ணில் புழு வைப்பதையும், நாய் வாசலுக்கு வந்து வரவேற்காமல் போனதையும், சோற்றுத் தட்டுக்கு நிகரான செய்திகளாக இது மாற்றியது.

ஆனால் இந்தக் கூட்டல் சரிதானா? இரண்டு நாய்களை வைத்துச் சோதித்துப் பார்ப்போம். முதல் நாய்க்கு எலும்பில் புற்றுநோய். வலிக்கு 2, பசிக்கு 9, நீர்ச்சத்துக்கு 8, சுத்தத்துக்கு 5, மகிழ்ச்சிக்கு 5, நடமாட்டத்துக்கு 2, நல்ல நாட்களுக்கு 5 தருகிறோம். மொத்தம் 36, தேர்ச்சி. இரண்டாவது நாய்க்கு அக்னி நட்சத்திரத்தில் உண்ணிக் காய்ச்சல். வலி 8, பசி 3, நீர்ச்சத்து 4, சுத்தம் 5, மகிழ்ச்சி 5, நடமாட்டம் 4, நல்ல நாட்கள் 4. மொத்தம் 33, தோல்வி. காலத்தில் டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் எழுந்து நடமாடக்கூடிய நாய் தோற்கிறது. அடங்காத வலியில் கிடக்கும் நாய் வெல்கிறது. மூச்சுத்திணறல் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிது என்று வில்லலோபோஸே சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த எச்சரிக்கைக்குக் கூட்டல் கணக்கில் இடமில்லை. பசியின் 9 மதிப்பெண் வலியின் பள்ளத்தை நிரப்பிவிடுகிறது. எந்த உயிரிலும் அது நடப்பதில்லை. 35 என்ற எல்லையும் மருத்துவரின் அனுபவத்தில் பிறந்தது. ஆய்வில் புடம் போடப்பட்டதல்ல. மூட்டுவலிக்கென பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உருவான வினாத்தாள், நாய்களிடம் சோதித்து நிறுவப்பட்ட பிறகே பயன்பாட்டுக்கு வந்தது. அது ஏழையும் அளக்க முயலவில்லை. வலியையும் அது அன்றாட நடமாட்டத்தை எவ்வளவு முடக்குகிறது என்பதையும்தான் முக்கியமாக அளக்கிறது.

இன்னொரு குறை, நம் ஊருக்கு வந்தால்தான் தெரியும். மதிப்பெண் பல நேரங்களில் நாயை அளப்பதில்லை, வீட்டை அளக்கிறது. வழவழப்பான டைல்ஸ் தரையில் கால் பரப்பி விழும் நாய்க்கு நடமாட்டத்தில் 2 போடுகிறோம். அதே தரையில் கோணிச் சாக்கை விரித்தால் அது எழுந்து நிற்கிறது. ஷூ கம்பெனி ஷிஃப்டுக்குக் காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் வீட்டில், 30 கிலோ நாயைப் பகலில் புரட்டிப் போட ஆளில்லை, சுத்தம் சரிகிறது. வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது மூச்சிரைத்தே உடலைக் குளிர்விக்க வேண்டிய நாய்க்கு, தகரக் கூரையின் அடியே தண்டனை. தண்ணீரும் ஒரு சிக்கல். தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பளித்தது. இன்றும் பல வீடுகளில் நாம் குடிப்பது கேன் தண்ணீர். சிறுநீரகம் பழுதான நாய்க்கு உப்புக் கரிக்கும் போர் தண்ணீரை வைத்துவிட்டு, அது குடிக்கவில்லை என்று மதிப்பெண் குறைப்பது நியாயமில்லை.

மருத்துவமும் இப்படித்தான். நாயைத் தூக்கிக்கொண்டு போனாலும் நாம் "மாட்டாஸ்பத்திரி" என்றே சொல்கிறோம். பெரிய பரிசோதனைக்கு 1903-ல் தொடங்கிய சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகச் சொன்னால், ஆம்பூரிலிருந்து சுமார் 180 கிலோமீட்டர். அந்தப் பயணத்தின் குலுக்கலையும் நாயின் வலிக் கணக்கில்தான் எழுத வேண்டும். பயணத்துக்குப் பயந்து மெடிக்கலில் வாங்கிய இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மனிதர் மாத்திரைகளைக் கொடுப்பதோ இரைப்பையில் ரத்தம் கசியவும் சிறுநீரகம் கெடவும் வழி. நாய்க்கான வலி மருந்தை, நாயின் எடைக்கேற்ப, கால்நடை மருத்துவரே தர வேண்டும்.

ஆகவே என் முடிவு இது. வில்லலோபோஸின் ஏழு கேள்விகளை வைத்துக்கொள்வோம், கூட்டலை விட்டுவிடுவோம். முதலில் வீட்டைச் சரிசெய்து, சிகிச்சைக்கு அவகாசம் கொடுத்துவிட்டுத்தான் மதிப்பெண் போட வேண்டும். போடுபவர்கள் இருவராக இருக்கட்டும். ஒருவர் தாள் மற்றவருக்குத் தெரிய வேண்டாம். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மெல்லத் தேய்வது தெரியாது. காலண்டரில் கெட்ட நாளைச் சுழித்து வாருங்கள். மாதம் முடியும்போது அந்தத் தாள் பேசும். வலியும் மூச்சுத்திணறலும் தனித் தீர்ப்புக்கு உரியவை. மருத்துவம் முயன்றும் இவற்றில் ஒன்று அடங்காவிட்டால், மற்றக் கேள்விகளுக்கு அங்கே வேலை இல்லை.

அப்போது நாயை அமைதியாகப் போகவிடுவது பாவம் என்று நான் நினைக்கவில்லை. "நம்ம கையால எப்படி" என்று துடிக்கும் மனத்தை மதிக்கிறேன். ஆனால் தேவையற்ற வலியைத் தடுப்பது வளர்ப்பவரின் கடமை என்று 1960-ன் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு சொல்கிறது. மருத்துவர் முதலில் மயக்க மருந்து கொடுத்து, பிறகு பென்டோபார்பிட்டல் ஊசி போடும்போது நாய் உறக்கத்திலேயே போகிறது. வளர்த்த கை அதன் தலைமேல் இருக்கலாம். பாலாற்று மணலிலோ நெடுஞ்சாலை ஓரத்திலோ இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவதுதான் பாவம்.

பக்கத்து வீட்டுக்காரர் இனியும் சோற்றைப் பற்றிக் கேட்பார்; அது அக்கறைதான். பதில் சொல்லிவிட்டு, அன்றிரவு விளக்கை அணைத்தபின் சற்றுநேரம் நாயின் அருகில் உட்காருங்கள். முனகாமல், இடம் மாற்றி மாற்றிப் படுக்காமல், மூச்சு சீராக ஓடத் தூங்குகிறதா என்று கவனியுங்கள். சோற்றுத் தட்டு சொல்லாததை அந்தத் தூக்கம் சொல்லும்.