தெரிந்த முகத்தின் ஊறுகாய்

பத்தாங் காலி பசார் மாலாமில் அப்பாம் பாலிக் கடைக்கும் கைப்பேசி உறை விற்பவருக்கும் நடுவே ஒரு மடக்கு மேசை. அதன்மேல் எலுமிச்சை ஊறுகாய், மாங்காய் ஊறுகாய், நெத்திலிச் சம்பல், பருப்புப் பொடி, மோர் மிளகாய். முன்னால் திறந்த போத்தல் ஒன்று, பக்கத்தில் ஒரு கட்டு ஐஸ்கிரீம் குச்சி. குச்சியில் தொட்டு நாக்கில் வைத்த பெண்மணி, "அக்கா, போன வாட்டி வாங்குனதுல உப்பு தூக்கலா இருந்துச்சு" என்கிறார். "அது தோலு தடிச்ச காய்மா. இன்னும் பத்து நாள் ஊறட்டும்னு சொன்னேன், நீங்க அவசரப்பட்டுத் தொறந்துட்டீங்க" என்று பதில் வருகிறது. இன்னொரு போத்தல் கைமாறுகிறது. அடுத்த முறை காய் நறுக்கும்போது அந்த அக்கா உப்பில் ஒரு கைப்பிடியைக் குறைப்பார்.

செரண்டா, உலு யாம், ராசா, கோல குபு பாரு, மேற்கே பெஸ்தாரி ஜெயா, கோல சிலாங்கூர் என்று வட சிலாங்கூர் முழுக்க இப்படிப்பட்ட மேசைகளைப் பார்க்கலாம். சந்தையில் விற்பதையும், வாட்சாப்பில் ஆர்டர் எடுத்துக் கூரியரில் அனுப்புவதையும் ஒரே தொழிலின் இரண்டு கைகளாகத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு அவை இரண்டு வேறு தொழில்களாகவே படுகின்றன. முதலாவதில் நம் பெண்கள் கெட்டிக்காரர்கள். இரண்டாவதில், முதலாவதின் கெட்டிக்காரத்தனத்தையே நம்பி இறங்கிவிடுகிறார்கள்.

மேசைக் கடை நமக்குப் புதிதும் அல்ல. தோட்டத்தில் சம்பள நாளன்று ஆபீஸ் திடலோரம் துணி விற்பவரும் பாத்திரம் விற்பவரும் பலகாரம் விற்பவரும் கடை விரிப்பார்கள். மறுநாள் புல் மட்டும்தான் இருக்கும். பட்டணத்துச் சந்தைகளில் அரைத்த மசாலா விற்பவர் இன்னொரு முன்னோடி. மிளகாய் விழுது, மல்லி விழுது, மஞ்சள், சோம்பு எல்லாம் தனித்தனிக் கும்பாவில் இருக்கும். "ஒரு கிலோ கோழி, பிள்ளைங்க சாப்பிடணும்" என்றால் போதும், அளவு அவர் கைக்குத் தெரியும். அவர் விற்றது மசாலாவைவிடக் கூடுதலாக ஒன்றை. வாங்குகிறவரின் வீட்டை அறிந்து கலந்துகொடுத்தார். பேரங்காடி அடுக்கில் பாபாஸ், அழகப்பாஸ் பொட்டலங்கள் வந்தபின் விலையிலும் வசதியிலும் அவரால் ஈடுகொடுக்க முடியவில்லை. இன்றைய ஊறுகாய் மேசையும் அந்தப் பொட்டலங்களோடு விலையில் மோதினால் தோற்கும். பொட்டலத்தால் முடியாததைச் செய்தால்தான் அதற்கு இடம்.

மேசைக் கடையின் முதல் பலம், தொடங்குவதற்கு அதிகம் வேண்டியதில்லை என்பது. நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்எஸ்எம்மில் சொந்தப் பெயரில் தொழில் பதிய ஆண்டுக்கு 30 வெள்ளி, வேறு பெயர் வைத்தால் 60. இரண்டாவது பலத்தை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பக்கத்துக் கடைக்காரரின் நாசி லெமாக் விற்காவிட்டால் அன்றிரவே குப்பைக்குப் போகும். ஊறுகாய் விற்காவிட்டால் அடுத்த வாரம் இன்னும் நன்றாக இருக்கும்.

கணக்கை மட்டும் யாரும் முழுதாகப் போடுவதில்லை. ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். போத்தல் 12 வெள்ளி, 40 போத்தல் விற்றால் 480. காய், எண்ணெய், போத்தல், மூடி, கேஸ் எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 5 வெள்ளி வீதம் 200. கடை வாடகை, பெட்ரோல் 40. மிச்சம் 240. நறுக்கி, உலர்த்தி, தாளித்து, அடைத்து, கடையில் நின்று வீடு திரும்ப 16 மணி நேரம் என்று வைத்தால் மணிக்கு 15 வெள்ளி. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 1,700 வெள்ளியானபோது மணிக்கூலி 8 வெள்ளி 17 சென் ஆயிற்று. அதோடு ஒப்பிட்டால் நல்ல வருமானம். மழை வந்து 25 போத்தல்தான் விற்றது என்றால் கையில் நிற்பது 60 வெள்ளி, மணிக்கு 3 வெள்ளி 75 சென். மீதிப் 15 போத்தலும் கெட்டுப்போகாது, உண்மைதான். ஆனால் அவற்றை விற்க இன்னொரு மாலை நின்றாக வேண்டும். பத்தாங் காலியோ, மத்தியானம் திரும்பினால் மலைப்பக்கமிருந்து மழை இறங்குகிற ஊர். காயப்போட்ட எலுமிச்சையை ஒரு நாளில் எத்தனை முறை எடுத்து வைத்து எடுத்து வைத்து வெயில் காட்டுவது? அந்த நேரத்துக்கு யாரும் விலை போடுவதில்லை. "வீட்டுல சும்மா இருக்குற நேரந்தானே" என்கிற ஒரு வார்த்தையில் எல்லாம் அடிபட்டுப்போகிறது. இந்தத் தொழிலின் லாபத்தில் பாதி, கொடுக்கப்படாத கூலி என்றுதான் நான் சொல்வேன்.

சரி, மழைக்கும் ஒதுங்க வேண்டாம், மேசையும் தூக்க வேண்டாம் என்று கூரியருக்குப் போகிறார்கள். அந்த ஆர்டர்கள் எங்கிருந்து வருகின்றன? பால்மரம் செம்பனையாகி, செம்பனை தாமானாகி, தோட்டத்து ஆட்கள் ரவாங்குக்கும் ஷா ஆலாமுக்கும் கிள்ளானுக்கும் சிதறிப் போனார்கள். லயம் போனாலும் தோட்டத்தின் பெயரில் வாட்சாப் குழு இருக்கிறது. கோயில் திருவிழா அறிவிப்பும் சாவுச் செய்தியும் வருகிற அதே குழுவில் ஊறுகாய்ப் படமும் வருகிறது. "நம்ம அஞ்சலை அக்கா கைப்பக்குவம்" என்று யாரோ எழுத, பத்துப் பேர் ஆர்டர் போடுகிறார்கள். மின்வணிகம் என்று இதற்குப் பெயர் சூட்டினாலும், நடப்பது கலைந்துபோன லயத்துக்குள்ளேயே ஒரு கொடுக்கல் வாங்கல். மூடி கசிந்தாலும் கோபிக்க மாட்டார்கள், தாமதமானாலும் பொறுப்பார்கள்.

இந்தத் தெரிந்தவர் வட்டம்தான் பலம், இதுவேதான் எல்லையும். அந்த வட்டம் தீர்ந்ததும் ஆர்டர் நிற்கும். அதற்குள் மூன்று மாத விற்பனையைப் பார்த்து உற்சாகப்பட்டு, கடன் எடுத்து ஆயிரம் போத்தல் வாங்கி, லேபிள் அச்சடித்தவர்கள் உண்டு. வட்டத்துக்கு வெளியே ஷாப்பீயிலும் டிக்டாக் கடையிலும் அவர்களைத் தெரியாதவர் வாங்க வேண்டும். தெரியாதவர் முதலில் பார்ப்பது அனுப்பும் செலவை. கண்ணாடிப் போத்தல் ஒன்றைப் பொதிந்து அனுப்பினால் பல சமயம் ஊறுகாய் விலையில் பாதிக்கு மேல் கூரியருக்கே போய்விடும்; கடல் தாண்டி சபா, சரவாக் என்றால் கேட்கவே வேண்டாம். பிளாஸ்டிக் போத்தலுக்கு மாறினால் எடை குறையும். ஆனால் வெயிலில் நிற்கும் வேனுக்குள் எண்ணெய் விரிந்து, மூடியின் திருகு வழியாக ஏறி, முகவரிச் சீட்டை நனைத்துவிடும். வாய்க்கு அலுமினியத் தாள் ஒட்டும் கருவி இருந்தால் இது பெரும்பாலும் நிற்கும். வாங்குவோர் சிலரே. பாதிப் பேர் மூடியைச் சுற்றி செலோடேப் ஒட்டிவிட்டுச் சாமியைக் கும்பிடுகிறார்கள்.

கசிவையாவது கண்ணால் பார்க்கலாம். லேபிளில் பெருமையாக எழுதுகிற "பதப்படுத்தும் ரசாயனம் எதுவும் சேர்க்கவில்லை" என்ற வரிதான் என்னைப் பயமுறுத்துகிறது. எலுமிச்சை ஊறுகாய்க்கு அது பொருந்தும். புளிப்பும் உப்பும் காவல். புளிப்பு குறைந்து பிஎச் அளவு 4.6க்கு மேலே போனால், காற்றுப் புகாத போத்தலுக்குள் பொட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளர இடமுண்டு. எண்ணெயில் மிதக்கும் பூண்டும், புளி குறைந்த நெத்திலிச் சம்பலும் அந்தப் பக்கம் நிற்பவை. 1985இல் கனடாவின் வான்கூவரில், எண்ணெயில் போட்ட பூண்டைக் குளிரூட்டாமல் வைத்ததால் 36 பேர் பொட்டுலிசத்தால் பாதிக்கப்பட்டார்கள். அமெரிக்காவிலும் அப்படி நடந்தபின், 1989இல் அந்த நாட்டு உணவு, மருந்து நிர்வாகம், எண்ணெய்ப் பூண்டில் அமிலம் சேர்த்தே விற்க வேண்டும் என்றது. அந்த நஞ்சுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. பாட்டி காலத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்பார்கள். பாட்டி சம்பலைக் கிண்டி மூன்று நாளில் தீர்த்தார். மூடி முத்திரையிட்டு, ஒரு வாரம் வேனில் சுற்றி, மூன்று மாதம் அடுக்கில் வைக்கவில்லை.

சட்டம் இதையெல்லாம் யோசிக்காமல் இல்லை. 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டமும் 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளும் சேர்மானம், எடை, தயாரித்தவர் பெயர் முகவரி ஆகியவற்றை லேபிளில் கேட்கின்றன. உள்நாட்டுத் தயாரிப்பென்றால் மலாயில் இருக்க வேண்டும். 2009ஆம் ஆண்டு சுகாதார விதிமுறைகளின்படி உணவைக் கையாள்பவர் பயிற்சி பெற்று, டைபாய்டு ஊசியும் போட்டிருக்க வேண்டும். சுகாதார அமைச்சின் மெஸ்தி சான்றிதழ் சிறு தயாரிப்பாளருக்கென்றே இருப்பது. ஹலால் முத்திரை தனி மலை. 2012 முதல் அதிகாரபூர்வச் சான்று இல்லாமல் ஹலால் என்று போத்தலில் போட முடியாது. வீட்டுச் சமையலறையிலேயே கிண்டுகிறவருக்கு அந்தச் சான்று எளிதில் எட்டாது. சந்தை மேசையில் மலாய்க்கார மக்சிக், ருசி பார்த்து, "இது சைவம்தானே" என்று கேட்டு வாங்கிப் போவார். திரையில் அவர் யாரிடம் கேட்பார்? முத்திரை இல்லையென்றால் தள்ளிவிட்டுப் போவார். பெரும்பான்மை வாடிக்கையாளரை மேசை தன் பேச்சால் சேர்த்துக்கொள்கிறது, கூரியர் இழந்துவிடுகிறது.

தெகுன் வழியாக ஸ்புமி கடன், அமானா இக்தியார் சிறுகடன், சிலாங்கூர் மாநிலத்தின் ஐ-சீட் கருவி உதவி என்று இந்தியத் தொழில்முனைவோருக்கு வழிகள் இருக்கின்றன. குறை சொல்ல மனமில்லை. கைமாற்றுக்காரனிடம் போய் நின்ற தலைமுறையை நினைத்தால் இது பெரிது. ஆனால் கடனும் கருவியும் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகப் போகின்றன. பத்து வீட்டில் பத்து அரவை இயந்திரம், வாரத்தில் ஐந்து நாள் துணி போர்த்திக் கிடக்கும். பத்து வீட்டுக்குப் பொதுவாக ஒரு பிஎச் அளவி இல்லை. பயிற்சிப் பட்டறைகளில் லோகோவும் காணொளியும் நிறையச் சொல்லித் தருகிறார்கள். எந்தப் பண்டத்தை அஞ்சலில் அனுப்பலாம், எதை அனுப்பவே கூடாது என்பதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் நன்றாயிருக்கும்.

1959இல் மும்பையில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் தொடங்கிய லிஜ்ஜத் அப்பளம் வேறு வழியில் போயிற்று. மாவு ஓரிடத்தில் பிசைவார்கள். பெண்கள் வீட்டுக்கு எடுத்துப் போய் இட்டுக் காயவைத்துத் திருப்பித் தருவார்கள். தரம் பார்த்துக் கூலி கொடுப்பார்கள். அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அப்பளம் எல்லார் கையிலும் ஒன்றாக இருக்கலாம், ஊறுகாய் அப்படி இருந்தால் யார் வாங்குவார்? செய்முறை அவரவருடையதாகவே இருக்கட்டும். சமையலறை, பதிவு, அமிலச் சோதனை, முத்திரை ஒட்டும் கருவி ஆகியவை பொதுவாகட்டும். கோயில் மண்டபங்களின் சமையல்கட்டுகள் திருமணம் இல்லாத நாட்களில் சும்மாதான் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பதிவு செய்து பயன்படுத்த நிர்வாகங்கள் முன்வருமா என்பது வேறு கதை. நம் கோயில் நிர்வாகக் கூட்டங்களைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நாடு முழுக்க அனுப்பும் ஆசையையும் கொஞ்சம் ஆறப்போடலாம். பத்தாங் காலி ஸ்டேஷன் இருக்கும் கொமுட்டர் தடம் ரவாங், சுங்கை பூலோ, கோலாலம்பூர், ஷா ஆலாம் வழியாகக் கிள்ளானுக்கே போகிறது. சிதறிப்போன தோட்டத்து ஆட்களில் பலர் குடியேறிய ஊர்கள் இவை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, முன்பணம் வாங்கிய ஆர்டர்களை மட்டும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு ரயிலேறி, ஸ்டேஷன் வாசலில் கைக்குக் கை கொடுத்துவிட்டு வந்தால், பொதியும் உடையாது, எண்ணெயும் வழியாது. போத்தலை வாங்குகிறவர் போன மாதத்து உப்பைப் பற்றி அங்கேயே சொல்லிவிடுவார். நெத்திலிச் சம்பலை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய், "இன்னைக்கே பிரிட்ஜில வச்சிடுங்க, ஒரு வாரத்துல முடிச்சிடுங்க" என்று நேரில் சொல்ல முடியும். எலுமிச்சையும் பருப்புப் பொடியும் மட்டும் கூரியரில் போகட்டும்.