விளையாட்டும் விஞ்ஞானமும்: ‘போல்டிற்’ பற்றிய ஒரு மதிப்பீடு

விளையாட்டு வீண்பொழுதுபோக்கே என்பார் பலர். அக்கருத்தை மீளவும் ஆராயுமாறு நம்மைத் தூண்டுவது, 2008ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்ரன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ‘போல்டிற்’ என்னும் கணினி விளையாட்டாகும்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் தொடுத்த சங்கிலி. அது மடிந்து கொள்ளும் வடிவமே அதன் தொழிலை நிர்ணயிக்கின்றது. நோய்க்குக் காரணமான புரதத்தின் வடிவை அறியின், அதனைத் தடுக்கும் மருந்தை வகுத்தல் எளிதாகும். போல்டிற்றில் ஆடுவோர் இச்சங்கிலியைத் திரையில் வளைத்தும் முறுக்கியும் மடிக்கின்றனர். அதன் சக்தி குறையக் குறைய அவர்தம் புள்ளி உயரும். இயற்கைப் புரதமும் பெரும்பாலும் சக்தி மிகக் குறைந்த நிலையையே நாடுவதால், ஆட்டத்தின் விதி இயற்கையின் விதியைத் தழுவி நிற்கின்றது. இதுவே இவ்விளையாட்டின் தலையாய சிறப்பு.

இதன் பயன் 2011இல் வெளிப்பட்டது. எயிட்சு வைரசுக்கு உறவான, குரங்குகளைத் தாக்கும் ஒரு வைரசின் நொதியத்தின் வடிவம் பத்தாண்டுகளுக்கு மேலாக விஞ்ஞானிகளுக்குப் புதிராயிருந்தது. ஆடுவோர் மூன்று கிழமைகளுக்குள் அமைத்த மாதிரியுருவே அப்புதிரை அவிழ்க்க வழிகாட்டிற்று. உயிரிரசாயனம் கல்லாதாரும் இவ்வாட்டத்திற் பங்குகொண்டிருந்தனர் என்பது ஈண்டு நினைத்தற்குரியது.

எனினும் குறையும் கூறல் வேண்டும். புள்ளி இயற்கையன்று, இயற்கையை அளக்க மனிதர் வகுத்த சூத்திரமே அது. புதிய புரதங்களை ஆக்குமாறு பணித்தபோது, தொடக்கத்தில் ஆடுவோர் அமைத்தவற்றுட் பல, புள்ளி மிகுந்தும் உண்மையில் மடியத் தகாதனவாயிருந்தன. அவர்கள் ஏமாற்றினாரல்லர், சூத்திரத்தின் ஓட்டையைக் கண்டனர். ஆக்கியோர் அதனை ஒளிக்காது விதிகளைத் திருத்தினர். பின்னர் ஆய்வுகூடத்திற் சோதிக்கப்பட்ட 146 புரதங்களுள் 56 உறுதியாக மடிந்தன என 2019இல் அறிவிக்கப்பட்டது.

2020இல் ‘அல்பாபோல்ட்’ என்னும் செயற்கை நுண்ணறிவு புரத வடிவங்களை வியத்தகு துல்லியத்துடன் கணித்தமையால், போல்டிற்றின் முதற்பணி பெரிதும் சுருங்கிற்று. ஆயினும் அதன் படிப்பினை சுருங்கவில்லை. புள்ளி வழங்குவோர், தம் அளவுகோலையும் ஓயாது சோதித்தல் வேண்டும். விளையாட்டை வகுப்போர்க்கு மட்டுமன்று, பரீட்சைப் புள்ளியால் மாணவரை அளக்கும் நமக்கும் இது பொருந்துவதே.