ரைஹானாவுக்கு அல்பீரூனி எழுதிய நூல்

அபூ ரைஹான் அல்பீரூனியை இந்தியாவைப் பற்றிப் பெருநூல் எழுதியவராகவே தமிழ் வாசகர்கள் அறிவர். அவருடைய மற்றொரு நூல் நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை. ஹிஜ்ரி 420இல் (கி.பி. 1029) கஸ்னா நகரில் அவர் எழுதிய ‘கிதாபுத் தஃப்ஹீம்’ என்பதே அது. குவாரிஸ்மைச் சேர்ந்த ரைஹானா என்னும் பெண் கேட்டுக்கொண்டதற்கிணங்க அதை எழுதியதாக நூலின் தொடக்கத்தில் அவர் குறிப்பிடுகிறார். அரபி, பாரசீகம் ஆகிய இரு மொழிகளிலும் வழங்கும் இந்நூலை 1934இல் ராம்சே ரைட் ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

பெண்பிள்ளைகளுக்குத் தொழில்நுட்பத்தில் ஆர்வம் ஊட்ட வேண்டும் என்று நம் மேடைகளில் இன்று ஓயாது பேசப்படுகிறது. எவ்வாறு ஊட்டுவது என்பதில்தான் நமக்குத் தெளிவு இல்லை. முன்னோரின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுவதே போதும் என்று எண்ணிவிட்டோம்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு, ‘மர்யம் அல்அஸ்தர்லாபிய்யா’ பற்றி நாம் சொல்லிவரும் செய்தி. அஸ்தர்லாப் என்னும் வானளவைக் கருவியை அவர் கண்டுபிடித்தார் என்றும், இன்றைய ஜி.பி.எஸ். அதிலிருந்தே பிறந்தது என்றும் கூறுகிறோம். மூல நூலைப் புரட்டினால் கிடைப்பது வேறு. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் இப்னு நதீம் தொகுத்த ‘அல்ஃபிஹ்ரிஸ்த்’, கருவி செய்வோரின் பட்டியலில் ‘அல்இஜ்லிய்யா’ என்ற பெண்ணைக் குறிப்பிடுகிறது. அவர் இஜ்லீயின் மகள். சைஃபுத் தௌலாவிடம் பணியாற்றியவர். அங்கே மர்யம் என்ற பெயர் இல்லை. கண்டுபிடிப்பைப் பற்றிய பேச்சும் இல்லை. அஸ்தர்லாபோ இஸ்லாத்திற்கு முன்பே கிரேக்கர் அறிந்திருந்த கருவி. ஆட்சியாளர் ஒருவர் ஆதரித்த கைவினைஞராக ஒரு பெண் விளங்கினார் என்ற உண்மையே நமக்குப் போதிய பெருமை. அதன்மேல் கதையை ஏற்றினால், நாளை ஆய்ந்து பார்க்கும் மாணவி நாம் சொன்ன பிறவற்றையும் ஐயுறுவாள்.

பள்ளிச் சிறுமியருக்கான கோடை விடுமுறை தீனிய்யாத் வகுப்பு ஒன்றில் நாமும் இக்கதையைச் சொன்னதுண்டு. ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து, “ஹஜ்ரத், அந்தக் கருவியை எப்படிப் பயன்படுத்துவது?” என்று கேட்டாள். நம்மிடம் விடை இல்லை. பெயர் தெரிந்திருந்தது, பொருள் தெரிந்திருக்கவில்லை. அன்றிரவே தஃப்ஹீமை எடுத்தோம்.

இந்நூல் வினாவும் விடையுமாக அமைந்தது. அதுவே புரிந்துகொள்ள எளிது என்பது ஆசிரியரின் கருத்து. வடிவ கணிதம் முதலில் வருகிறது. பின்னர் எண்கணிதம், உலகின் அமைப்பு, அஸ்தர்லாப், இறுதியில் சோதிடம். முந்தைய கலைகளைக் கல்லாதவர் சோதிடர் என்ற பெயருக்கே தகுதியற்றவர் என்கிறார். பெண் என்பதற்காக அவர் எதையும் நீர்த்துப்போகச் செய்யவில்லை. புள்ளி, கோடு, பரப்பு என்று அடித்தளத்திலிருந்தே கட்டி எழுப்புகிறார். ரைஹானாவைப் புகழ்வதிலும் ஏடுகளைச் செலவிடவில்லை. அவர் கேட்டார், இவர் கற்பித்தார். ஆசிரியர் மாணவிக்கு அளிக்கும் மதிப்பு இதைவிட வேறென்ன?

அஸ்தர்லாப் பகுதியில் கருவியின் உறுப்புகளைப் பெயர் சொல்லி விளக்கியபின், ஆற்றின் அகலம், கிணற்றின் ஆழம், மினாராவின் உயரம் ஆகியவற்றை அளக்கும் முறைகளைத் தருகிறார். அடுத்த வகுப்பில் அட்டையையும் நூலையும் சிறு கல்லையும் கொண்டு ஒரு கோணமானியைச் செய்தோம். மினாராவின் உச்சி 45 பாகைக் கோணத்தில் தெரியும் இடம்வரை சிறுமியர் பின்னோக்கி நடந்தனர். அங்கிருந்து மினாராவின் அடிவரையுள்ள தூரத்தோடு தம் கண்மட்ட உயரத்தைக் கூட்டினர், உயரம் கிடைத்தது. ஏன் 45 என்று அவர்களே கேட்கத் தொடங்கினர். நம் சொற்பொழிவுகள் எழுப்பாத வினா அது.

நூலில் குறை இல்லாமல் இல்லை. அதில் ஒரு பெரிய பகுதியைச் சோதிடம் பிடித்துக்கொள்கிறது. நாள், திசை, தொழுகை நேரம் ஆகியவற்றுக்கான கணக்கை ஏற்ற நம் உலமாக்கள் நட்சத்திரப் பலன் கூறுவதைக் கண்டித்துள்ளனர். ஆயினும், அக்கலையில் தமக்குள்ள நம்பிக்கை மிகக் குறைவு என்பதை அல்பீரூனி மாணவியிடம் மறைக்கவில்லை. நிறுவப்பட்டது எது, மக்கள் நம்புவது எது என்று பிரித்துக்காட்டும் இந்நேர்மை, கணினித் திரையில் தோன்றுவதையெல்லாம் உண்மையெனக் கொள்ளும் இன்றைய பிள்ளைகளுக்கு மிகவும் வேண்டியது.

இந்நூல் பிறந்த கஸ்னா இன்று ஆப்கானிஸ்தானில் இருக்கிறது. அந்நாட்டில் 2021 செப்டம்பரில் உயர்நிலைப் பள்ளிகள் ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமே திறக்கப்பட்டன. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகங்களும் பெண்களுக்கு மூடப்பட்டன. இத்தடை ஷரீஅத்திற்கு முரணானது என்று அல்அஸ்ஹரின் பேரிமாம் அஹ்மத் அத்தய்யிப் அப்போதே அறிவித்தார். அதே நாட்டின் ஹெராத் நகர மாணவியர்தாம் 2017இல் வாஷிங்டனில் நடந்த உலக ரோபோ போட்டியில் பங்கேற்றவர்கள். 2020இல் கொரோனா பரவியபோது கார் உதிரிபாகங்களைக் கொண்டு செயற்கைச் சுவாசக் கருவி உருவாக்க முனைந்தவர்கள். வாய்ப்பு இருந்தவரை அவர்கள் செய்துகாட்டினார்கள்.

அங்கே கதவை அடைத்தவர்களைக் கண்டிப்பது எளிது, கண்டிக்கவும் வேண்டும். நம் ஊரிலோ கதவு திறந்தே இருக்கிறது. ஆனால் வீட்டுக் கணினி மகனின் மேசையில் இருக்கிறது; பழுதான மின்விசிறியைக் கழற்றும்போது திருப்புளியைப் பிடிக்க அவனைத்தான் அழைக்கிறோம். மகளுக்குக் கருவியைக் கொடுத்து, அவள் கேட்கும்வரை காத்திருந்து, கேட்டதற்கு விடை சொல்ல நாமும் கற்க வேண்டும். ரைஹானாவின் ஆசிரியர் செய்தது அதுவே. வல்லாஹு அஃலம்.