யார் கடைசி?

இத்தாலிய மொழியின் இனிமைக்கு ஓபராவைத்தான் எல்லோரும் சான்று காட்டுவார்கள். ஓபராவில் மொழி இசைக்குக் கட்டுப்பட்டு நடக்கும். அது தன் போக்கில் ஓடுவதைக் கேட்க ஆசைப்படுபவர்கள் காலை நேரத்தில் ஒரு சலுமெரியாவுக்குள் போய் நிற்க வேண்டும். பதப்படுத்திய இறைச்சியும் சீஸும் விற்கிற சின்னக் கடை அது.

உள்ளே வரிசை என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாது. ஆளுக்கொரு மூலையில் நிற்பார்கள். புதிதாக வருபவர் பொதுவாக ஒரு கேள்வி போடுவார்: "கி எ லூல்திமோ?" யார் கடைசி? ஒருவர் "ஸோனோ இயோ" என்பார், நான்தான் என்று. அவருக்குப் பிறகு இவர் முறை. அடுத்து வருபவர் கேட்கும்போது இவர் பதில் சொல்ல வேண்டும். மொழி பழக வந்தவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எது? கேட்ட கேள்விக்கே சில நிமிடங்களில் பதிலும் சொல்லியாக வேண்டும், ஒதுங்கி நிற்க வழியே கிடையாது.

முறை வந்ததும் ப்ரோஷூத்தோ என்ற பதப்படுத்திய பன்றித்தொடை இறைச்சியை கிராம் கணக்கில் கேட்க மாட்டார்கள். 100 கிராம் ஓர் 'எத்தோ'. ஒன்றரை எத்தோ, இரண்டு எத்தோ என்றுதான் பேச்சு. கடைக்காரர் முதல் துண்டைச் சீவியதும் தூக்கிக் காட்டி, இந்தக் கனம் போதுமா என்பார். இன்னும் மெல்லியதாக வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். இலக்கணப் புத்தகத்தில் ஓர் அத்தியாயத்துக்கு நீளும் ஒப்பீட்டுப் பாடம் அங்கே ஒரு மூச்சில் முடிந்துவிடும்.

இந்த மொழியில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் இரட்டிப்பு. 'காஸா' வீடு, 'கஸ்ஸா' பணம் கட்டும் இடம். 'நோனோ' ஒன்பதாவது, 'நொன்னோ' தாத்தா. ஒற்றை மெய்க்கு முன்னால் உயிர் நீள்கிறது, இரட்டைக்கு முன்னால் குறுகிக்கொள்கிறது. ஆங்கிலத்தையே பேசி வளர்ந்தவர்கள் இந்த இடத்தில் படாதபாடு படுவார்கள். பலியையும் பல்லியையும், கனியையும் கன்னியையும் பிரித்துச் சொல்லிப் பழகிய தமிழ் நாக்குக்கு இது பிறவிச் சொத்து. ரயில் நிலையத்து காப்பிக் கடைகளில் பெரும்பாலும் முதலில் கஸ்ஸாவில் பணம் கட்டி, அந்த ரசீதோடுதான் காப்பி கேட்க வேண்டும். அங்கே ஒரு தமிழர் 'கஸ்ஸா' என்று அழுத்திச் சொல்லும்போது, நேற்று வந்தவர் என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

புழக்கத்திலிருந்து கற்பது அயலாருக்கு மட்டும் விதித்ததல்ல. இத்தாலியர்களே அப்படித்தான் கற்றார்கள். நாவலாசிரியர் அலெஸ்ஸாந்த்ரோ மன்சோனி மிலான்காரர். அவர் பேச்சில் புழங்கியவை மிலான் வட்டார மொழியும் பிரெஞ்சும். 1827இல் தன் பெரிய நாவல் வெளிவந்த கையோடு குடும்பத்துடன் ஃப்ளோரன்ஸ் போனார். அங்கே படித்தவர்கள் அன்றாடம் பேசுவதைக் காதில் வாங்கிக்கொண்டு, அச்சேறிவிட்ட நாவலைத் திரும்பவும் வாக்கியம் வாக்கியமாகத் திருத்தினார். எமிலியா லூத்தி என்ற ஃப்ளோரன்ஸ் பெண்மணி அந்த வேலையில் அவருக்குத் துணையாக இருந்தார். திருத்திய பதிப்பு 1840க்கும் 1842க்கும் இடையில் வந்தது. மன்சோனி தன் துணிகளை ஃப்ளோரன்ஸில் ஓடும் ஆர்னோ ஆற்றில் அலசினார் என்று இத்தாலியர்கள் இன்றும் சொல்வார்கள். புகழின் உச்சியில் இருந்த ஓர் எழுத்தாளர் பேச்சுவழக்குக்கு மாணவராகப் போனதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

1861இல் நாடு ஒன்றானபோது இத்தாலியம் பேசத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 2.5 பேர்தான் என்று மொழியியலாளர் துல்லியோ தே மௌரோ கணக்கிட்டார். மற்றவர்களுக்கு வெனிஸ் மொழி, நேப்பிள்ஸ் மொழி, சிசிலி மொழி என்று ஊருக்கு ஊர் தாய்மொழி வேறு. பள்ளிக்கூடம், ராணுவம், ஆலை வேலை, சினிமா என்று பல வழிகளில் பொதுமொழி பரவியது.

1960இல் தொலைக்காட்சியும் இதில் முழுமூச்சாக இறங்கியது. இத்தாலியின் பொது ஒளிபரப்பு நிறுவனமான ராய், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்காக 'எப்போதும் தாமதமில்லை' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கியது. 1968 வரை நடந்த அந்த நிகழ்ச்சியின் ஆசிரியர் அல்பெர்த்தோ மான்சி, ஆரம்பப் பள்ளி வாத்தியார். பெட்டி இல்லாதவர்கள் பொது இடங்களில் கூடிப் பார்த்தார்கள். மான்சி பெரிய காகிதத்தில் கரித்துண்டால் ஒரு கோடு இழுப்பார். என்ன படம் என்று முதலில் பிடிபடாது. பார்ப்பவர் மனதில் ஊகம் ஓடிக்கொண்டிருக்கும்போதே படம் உருவாகும், அதற்கான சொல்லும் வந்து சேரும். குரலில் அதட்டல் கிடையாது. வயல்வேலை முடித்து வந்து உட்கார்ந்திருக்கும் அறுபது வயதுக்காரரைச் சிறுபிள்ளையாக நடத்தாத மரியாதை அந்தக் குரலில் உண்டு. பழைய பதிவுகள் சில இன்றும் பார்க்கக் கிடைக்கின்றன. இத்தாலியம் கற்க விரும்புபவர்களுக்கு நான் முதலில் சொல்வது அவற்றைத்தான். சொல் புரியாவிட்டாலும் அந்தக் கோடு எதுவாகப் போகிறது என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவோம்.